இரண்டு பட்டியல்கள்: வேலை தருவோர் கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்கும் வரலாறு

(ஆறுமுகநேரியில் நிகழ்த்தப்பட்ட இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இரட்டைமலை சீனிவாசன் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது 1930ஆம் ஆண்டின் வட்டமேசை மாநாடு. அண்ணல் அம்பேத்கரோடு லண்டன் சென்றவர் என்றே பாடநூல்கள் அவரை அறிமுகப்படுத்துகின்றன. இன்று நாம் அதற்கு முப்பத்தேழு ஆண்டுகள் முந்திய ஒரு செயலிலிருந்து தொடங்குகிறோம்.

1893 ஜூனில், ஐ.சி.எஸ். தேர்வை லண்டனில் நடத்தும் அதே நேரத்தில் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற தீர்மானம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவையில் நிறைவேறியது. காங்கிரஸின் நெடுநாள் கோரிக்கை அது. அதே ஆண்டு அக்டோபரில் 'பறையன்' இதழைத் தொடங்கியிருந்த சீனிவாசன், டிசம்பரில் சென்னை வெஸ்லியன் மிஷன் மண்டபத்தில் கூட்டம் கூட்டினார். 3412 பேர் கையெழுத்திட்ட எதிர்ப்பு மனு லண்டனுக்குப் போனது. இந்தியாவில் தேர்வு நடந்தால் ஏற்கெனவே படிப்பைக் கையில் வைத்திருக்கும் சாதியினரே அதிகாரிகளாக வருவார்கள், நம் மக்கள் அவர்களுக்குக் கீழேதான் வாழ நேரும் என்பது மனுவின் அச்சம்.

இதற்காக அவரை வெள்ளையருக்கு வால் பிடித்தவர் என்று எழுதியவர்கள் உண்டு. அந்த வழக்குக்குள் நாம் போகவில்லை. அந்த மனுவுக்குள் இருக்கும் ஒரு சமூகவியல் உண்மையை மட்டும் எடுத்துக்கொள்வோம். தேர்வு நியாயமானதா என்று கேட்பதற்கு முன்பு, தேர்வு எங்கே நடக்கிறது, அந்த வாசல் வரை யாரால் வர முடிகிறது என்று கேட்க வேண்டும். 130 ஆண்டுகள் கடந்த பிறகு, கேம்பஸ் இன்டர்வியூ காலத்தில், நம் பிள்ளைகள் முன் நிற்பதும் இதே கேள்விதான்.

1. கங்காணி

முதலாளி ஆளை எப்படித் தேர்ந்தெடுத்தான் என்ற வரலாறு நம் கரைக்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளைத் தோட்டத்துரை நேரில் வந்து தேர்ந்தெடுக்கவில்லை. கங்காணி தேர்ந்தெடுத்தான். தன் ஊர், தன் உறவு, தனக்குக் கடன்பட்டவர்கள் என்று ஆள் சேர்த்துத் தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கொழும்புக்குக் கொண்டுபோனான். ஆளின் கடனை எழுதிய 'துண்டு' அவனோடு தோட்டம் தோட்டமாகப் போனது. 1921இல்தான் துண்டு முறை ஒழிந்தது.

கங்காணி முறையின் சூட்சுமத்தைக் கவனியுங்கள். ஆளைச் சலித்து எடுக்கும் வேலையைத் துரை தன் கையால் செய்வதில்லை. இடையில் ஒருவனிடம் விட்டுவிடுகிறான். அந்த இடையாள் எந்த ஊருக்குப் போகிறான், எந்தத் தெருவுக்குள் நுழைகிறான் என்பதைப் பொறுத்துத்தான் யாருக்கு வேலை என்பது முடிவாகும். துரையிடம் கேட்டால், 'நான் யாரையும் ஒதுக்கவில்லையே, வந்தவர்களை எடுத்துக்கொண்டேன்' என்பான். அவன் சொல்வது பொய்யும் அல்ல. ஒதுக்கும் வேலை அவனிடம் வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது. கங்காணி என்ற சொல் நம் உப்பளங்களில் இன்னும் புழங்குகிறது. பெரிய நிறுவனங்களில் அந்த வேலையை இன்று செய்வது கல்லூரியின் பெயர்.

2. வேலைவாய்ப்பு அலுவலகம்

இடையில் வேறு ஒரு காலம் இருந்தது. வைசிராயின் நிர்வாகக் குழுவில் அம்பேத்கர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, 1943இல் மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 8.33 விழுக்காடு ஒதுக்கீடு வந்தது. 1945இல் அவருடைய துறையின் கீழ் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் உருவாயின. போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்காகத் தொடங்கியவை, 1948இல் எல்லோருக்கும் திறக்கப்பட்டன.

1959இல் காலியிடங்களைக் கட்டாயமாக அறிவிக்கும் சட்டம் வந்தது. இருபத்தைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனமும் காலியிடத்தை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. ஆனால் அந்த அலுவலகம் வழியாகத்தான் ஆள் எடுக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. சொல்லிவிட்டு யாரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்பதுதான் சட்டம். தனியார் துறை நழுவிப்போன ஓட்டை அதுவே.

அரசுத் துறையில் மட்டும் அந்த முறைக்கு உயிர் இருந்தது. தூத்துக்குடி 1974இல் பெருந்துறைமுகம் ஆனது. கனநீர் ஆலையும் அனல்மின் நிலையமும் எழுபதுகளின் இறுதியில் வந்தன. அந்தக் காலத்தில் படித்த தலித் இளைஞரின் கையில் இருந்த காகிதம் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு அட்டை. அதில் பதிவு எண் இருக்கும், தேதி இருக்கும், இனம் இருக்கும். எந்தக் கல்லூரியில் படித்தாய் என்பதைவிட எந்தத் தேதியில் பதிவு செய்தாய் என்பதற்கே அங்கு மதிப்பு. ஊழல் இருந்தது, சிபாரிசு இருந்தது, காத்திருந்தே வயது கடந்தவர்கள் எண்ணற்றோர். 2010-களில் தமிழ்நாட்டில் பதிவு செய்து காத்திருந்தோர் எண்பது லட்சத்தை எட்டினார்கள். அந்த முறையைப் பொற்காலம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த வரிசை கண்ணுக்குத் தெரிந்தது. நம் முறை ஏன் வரவில்லை என்று கேட்க ஓர் அலுவலகமும், பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் அதிகாரியும் இருந்தார்கள்.

3. வளாகத்துக்குள் வந்த நிறுவனம்

1984இல் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வழிவிட்டது. அதற்கு முன்பு மாநிலம் முழுவதும் இருந்த பொறியியல் கல்லூரிகள் இருபதுக்குள் அடங்கும். 2010-களில் அந்த எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டியது. 1994இல் சென்னையில் காக்னிசன்ட் தொடங்கியது. 2000இல் டைடல் பூங்கா திறந்தது. டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ் போன்ற நிறுவனங்கள் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் புதிய பட்டதாரிகளை எடுக்கத் தொடங்கின. வேலைவாய்ப்பு அலுவலகத்தின் இடத்தைக் கல்லூரியின் பிளேஸ்மென்ட் செல் பிடித்துக்கொண்டது.

இதே காலத்தில்தான் நம் பிள்ளைகளும் பொறியியலுக்குள் பெருமளவில் நுழைந்தார்கள். 69 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கான 1993ஆம் ஆண்டுச் சட்டம், ஒற்றைச் சாளரக் கவுன்சலிங், நுழைவுத் தேர்வு ஒழிப்பு, 2009இல் அருந்ததியர் உள் ஒதுக்கீடு, 2010இல் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை, போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. இவை ஒவ்வொன்றும் போராடிப் பெற்றவை. உப்பள வெயிலில் உப்பு வாரிய கைகளுக்குப் பிறந்த பெண் பி.இ. முடித்தாள் என்றால், அதற்குப் பின்னால் நூறாண்டு உழைப்பு இருக்கிறது.

ஆனால் எந்தக் கல்லூரிக்குள் நுழைந்தார்கள்? பெரும்பான்மையோருக்குக் கிடைத்தவை புதிய சுயநிதிக் கல்லூரிகளே. இந்தக் கரையின் பழைய கல்லூரிகளைப் பாருங்கள். பாளையங்கோட்டையில் 1878இல் தூய யோவான், 1895இல் சாராள் தக்கர், 1923இல் தூய சவேரியார். தூத்துக்குடியில் 1951இல் வ.உ.சி. கல்லூரி. திருச்செந்தூரில் 1965இல் ஆதித்தனார் கல்லூரி. மிஷன் பணம், வணிகப் பணம், சமுதாயப் பெரியவர்களின் பணம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மூலதனம் இருந்தது. அவை பலருக்கும் கல்வி தந்தன. நம்மிலும் பலர் அங்கே படித்தவர்கள்தான், மறுக்கவில்லை. நம் மக்கள் கல்லூரி கட்டும் பணத்தோடு வந்தவர்கள் இல்லை. ஆதிதிராவிடர் நல விடுதியின் தட்டோடும் உதவித்தொகை விண்ணப்பத்தோடும் வந்தவர்கள். கல்லூரிக்குப் பெயரும் பழைய மாணவர் கூட்டமும் சேரத் தலைமுறைகள் ஆகும். அந்தத் தலைமுறைகள் நம்மிடம் இல்லை.

4. பட்டியல் எப்படி உருவாகிறது

நிறுவனத்தின் கணக்கை அதன் இடத்திலேயே நின்று பார்ப்போம். மாநிலத்தில் நானூறு, ஐந்நூறு கல்லூரிகள். தேர்வுக் குழு போய்வரச் செலவு, நாள் கணக்கு. ஒரு நாளில் ஒரு வளாகத்தில் எத்தனை பேரை எடுக்க முடியும் என்பதே முதல் கேள்வி. நூறு பேர் தேறும் இடத்துக்குப் போவார்களா, மூன்று பேர் தேறும் இடத்துக்கா?

அடுத்து, அந்தக் கல்லூரியின் கவுன்சலிங் கட்-ஆஃப் என்ன? பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணில் மேலே இருப்பவர்கள் போய்ச் சேரும் கல்லூரிக்குப் போனால், சலித்தெடுக்கும் வேலையை அரசின் கவுன்சலிங்கே இலவசமாக முடித்துக் கொடுத்திருக்கும். பிறகு, போன ஆண்டு எடுத்தவர்களில் எத்தனை பேர் வந்து சேர்ந்தார்கள், எத்தனை பேர் நிலைத்தார்கள்? நம் நிறுவனத்தில் மேலாளராக இருப்பவர் யாராவது அங்கே படித்தவரா? சில நூறு பேர் ஒரே நேரத்தில் ஆன்லைன் தேர்வு எழுதக் கணினிக் கூடம் உண்டா? என்.பி.ஏ., நாக் அங்கீகாரம் உண்டா? நகரத்திலிருந்து எவ்வளவு தூரம்?

ஒவ்வொரு கேள்வியும் தனியாகப் பார்த்தால் நியாயமாகவே தெரியும். எதிலும் சாதி என்ற சொல் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்தால் வரும் பட்டியலில் கிண்டியும் ஐ.ஐ.டி.யும் திருச்சி என்.ஐ.டி.யும் கோவையின் பெரிய கல்லூரிகளும் முதலில் நிற்கும். அங்கே முதல் நாள் யாருக்கு என்று நிறுவனங்களுக்குள்ளேயே போட்டி. அடுத்த அடுக்குக்கு அடுத்த மாதம், அடுத்த சம்பளம். கடைசி அடுக்குக்கு நிறுவனம் போவதே இல்லை. பல கல்லூரிகளைச் சேர்த்து ஓரிடத்தில் 'பூல் கேம்பஸ்' நடக்கும், அங்கே இவர்கள் வர வேண்டும்.

இந்த வட்டத்தை அரசே இறுக்கிவிட்ட கதையும் உண்டு. 2016 முதல் வெளிவரும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில், படித்து முடித்தவர்களின் வேலைவாய்ப்புக்கும் இடைநிலைச் சம்பளத்துக்கும் மதிப்பெண் உண்டு. வேலை தருவோரின் அபிப்பிராயத்துக்கும் மதிப்பெண் உண்டு. நிறுவனம் தரவரிசையைப் பார்த்துக் கல்லூரிக்கு வருகிறது. நிறுவனம் வந்ததால் கல்லூரியின் தரவரிசை உயர்கிறது. வெளியே நிற்கும் கல்லூரிக்கு இந்தச் சக்கரத்தில் ஏற வழியே கிடையாது.

இது இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்கச் சமூகவியலாளர் லாரன் ரிவேரா 2015இல் வெளியிட்ட 'பெடிகிரி' என்ற நூலில், அங்குள்ள பெரும் சட்ட, நிதி, ஆலோசனை நிறுவனங்கள் ஒரு சில பல்கலைக்கழகங்களை மட்டுமே குறித்து வைத்துக்கொண்டு ஆள் எடுப்பதைக் காட்டினார். பட்டியலுக்கு வெளியே இருந்து வரும் விண்ணப்பம் பெரும்பாலும் படிக்கப்படுவதுகூட இல்லை. அங்கே அது வர்க்கத்தையும் நிறத்தையும் காப்பாற்றுகிறது. இங்கே எதைக் காப்பாற்றுகிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

5. வாசலைத் தாண்டிய பிறகு

நம் பிள்ளைகளில் சிலர் ஒதுக்கீட்டின் பலத்தால் பட்டியலில் உள்ள கல்லூரிக்குள்ளேயே போய்விடுகிறார்கள். அவர்களுக்கு இரண்டாவது சல்லடை காத்திருக்கிறது: பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மூன்றிலும் 60 விழுக்காடு, அரியர் இருக்கக் கூடாது. ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடந்த அரசுப் பள்ளியில் பதினைந்து வயதில் எடுத்த மதிப்பெண், இருபத்தொரு வயதில் ஒருவர் எழுதும் நிரலோடு எந்த வகையில் தொடர்புடையது? ஒதுக்கீடு எந்தக் குறையை ஈடுசெய்யக் கொண்டுவரப்பட்டதோ, அந்தக் குறையையே நிறுவனம் நான்காண்டு கழித்துத் தோண்டியெடுத்துத் தகுதியின்மை என்கிறது.

மூன்றாவது சல்லடை நேர்காணல். கிறிஸ் ஃபுல்லரும் ஹரிப்பிரியா நரசிம்மனும் 2006இல் தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளையும் ஐ.டி. ஊழியர்களையும் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரை, 'எக்ஸ்போஷர்' என்ற ஒற்றைச் சொல்லைச் சுற்றி அமைந்தது. கிராமத்து மாணவர்களுக்கு எக்ஸ்போஷர் இல்லை என்பது தேர்வாளர்களின் வழக்கமான பேச்சு. ஆங்கிலம், உடை, பேச்சின் தயக்கமின்மை, நகரத்துப் பழக்கம் எல்லாம் அந்தச் சொல்லுக்குள் அடக்கம். 2007இல் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் 25 பெரிய நிறுவனங்களின் மனிதவள அதிகாரிகளிடம் பேசினார்கள். தகுதி மட்டுமே பார்க்கிறோம் என்றவர்களே, குடும்பப் பின்னணி கேட்பது அவசியம் என்றும் சொன்னார்கள். அப்பா என்ன செய்கிறார் என்ற கேள்வி ஒருவருக்குச் சாதாரணம். உப்பளக் கூலி என்று பதில் சொல்ல வேண்டிய பெண்ணுக்கு அது சாதாரணம் அல்ல.

அதே ஆண்டு சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. நாளிதழ்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதி ஒன்றே, பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். தகுதி என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை.

இவற்றோடு நம் கரைக்கே உரிய ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேம்பஸ் பருவம் சூடு பிடிப்பது ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை. ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கினால் உப்பளத்தில் வேலை இல்லை, கூலியும் இல்லை. வீட்டில் அடுப்பெரியவே கடன் வாங்கும் மாதங்களில்தான் பிள்ளைக்கு ஷூவும் சட்டையும் வேண்டும், மதுரைக்கும் கோவைக்கும் பூல் கேம்பஸுக்குப் போகப் பஸ் காசு வேண்டும். காலை எட்டு மணிக்கு அங்கே நிற்க வேண்டுமானால் முந்தைய இரவே ஆறுமுகநேரியில் புறப்பட வேண்டும். மகளைத் தனியாக அனுப்ப வீடு தயங்கும். உதவித்தொகை வரவில்லை என்று கல்லூரி சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொண்டால், கிடைத்த வேலையிலும் சேர முடியாது. எந்த நிறுவனத்தின் பட்டியலிலும் இந்தக் கணக்கு கிடையாது.

6. நீதிமன்றம் சொன்னதும் நிறுவனங்கள் சொன்னதும்

பொதுத்துறை நிறுவனங்களும் ஒரு காலத்தில் வளாகங்களுக்குப் போய் ஆள் எடுத்தன. 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அதைத் தவறு என்றது. சில கல்லூரிகளுக்கு மட்டும் போய் ஆள் எடுப்பது, தகுதி இருந்தும் அந்தக் கல்லூரிகளில் படிக்காதவர்களுக்கு அரசியல் சாசனத்தின் 14, 16ஆம் பிரிவுகள் தரும் சமத்துவத்தை மறுப்பதாகும் என்பது அதன் சாரம். அதன் பிறகு பொதுத்துறை நிறுவனங்கள் கேட் தேர்வு போன்ற பொது வழிகளை மேலும் நாட வேண்டி வந்தது.

நமக்கு இது முக்கியமான தீர்ப்பு. கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதே ஆளை ஒதுக்குவதுதான் என்பதை ஒரு நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் 16ஆம் பிரிவு அரசுப் பணிகளுக்கு மட்டுமே. அரசு செய்தால் சாசன மீறல், தனியார் செய்தால் நிர்வாக உரிமை என்று ஒரே செயலுக்கு இரண்டு பெயர்கள் நிலைத்துவிட்டன. பொதுத்துறை சுருங்கச் சுருங்க, தீர்ப்பின் நிழலும் சுருங்குகிறது.

தனியார் துறை என்ன சொன்னது? 2006இல் ஒதுக்கீட்டுக் கோரிக்கை வலுத்தபோது, சி.ஐ.ஐ.யும் அசோசேமும் ஜே.ஜே. இரானி தலைமையில் குழு அமைத்தன. சட்டம் வேண்டாம், தாங்களாகவே நடத்தை விதி வகுத்துக்கொண்டு பயிற்சியும் உதவித்தொகையும் தருகிறோம் என்றன. அதன்பின் பயிற்சிகள் நடந்தன. எந்தக் கல்லூரிகளிலிருந்து எத்தனை பேரை எடுத்தோம், அவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் ஊரறியச் சொல்லும் கடமையை மட்டும் யாரும் அவர்கள் மீது சுமத்தவில்லை. அமெரிக்காவில் நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள், ஊழியர்களின் இன, பாலினக் கணக்கை 1966 முதல் அரசுக்குத் தருகின்றன. கணக்குக் கொடுத்ததால் அங்கே எந்த நிறுவனமும் மூழ்கிவிடவில்லை.

ஒரு மாற்றத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2018இல் டி.சி.எஸ். கல்லூரி கல்லூரியாகப் போவதைக் குறைத்து, நாடு முழுவதற்கும் ஒரே தகுதித் தேர்வைக் கொண்டுவந்தது. பட்டியலில் இல்லாத கல்லூரி மாணவரும் எழுதலாம் என்றானது. இதனால் உள்ளே போன நம் பிள்ளைகள் உண்டு. வாசலைத் திறந்து வைத்தால் தரம் கெட்டுவிடும் என்ற வாதம் அங்கேயே பொய்த்தது. ஆனால் மூன்று மதிப்பெண் நிபந்தனைகளும் தொடர்ந்தன. அதிகச் சம்பள வேலைகளுக்கு மற்ற பெரிய நிறுவனங்கள் பழைய வளாகங்களுக்கே இன்றும் போகின்றன.

7. நாம் கேட்பது

இந்த நாட்டில் இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. ஒன்று, 1936இல் அரசாணையாக வந்து 1950இல் குடியரசுத் தலைவர் ஆணையாகத் தொடர்ந்த பட்டியல். அதில் யார் பெயர் இருக்கிறது என்று யாரும் படித்துப் பார்க்கலாம், நீதிமன்றத்தில் வாதாடலாம். நமக்குக் கல்லூரிக் கதவைத் திறந்தது அதுதான். மற்றொன்று, நிறுவனங்களின் மனிதவளத் துறையில் இருக்கும் கல்லூரிப் பட்டியல். அதை யாரும் பார்த்ததில்லை, யாரும் கேள்வி கேட்டதில்லை. முதல் பட்டியல் கொடுத்ததை இரண்டாவது பட்டியல் சத்தமில்லாமல் திரும்ப வாங்கிக்கொள்கிறது. இன்றைய உரையில் நாம் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

தூத்துக்குடி சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் மின்வாகன ஆலை வந்துவிட்டது. குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024இல் அடிக்கல் நாட்டியாகிவிட்டது. நிலமும் நீரும் சாலையும் இந்த மாவட்டம் தருகிறது. இங்கே பொறியாளர்களை எந்த வளாகங்களிலிருந்து எடுக்கிறார்கள், ஒப்பந்தக் கூலிகளை எந்தத் தெருக்களிலிருந்து எடுக்கிறார்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

நம் கோரிக்கைகள் நான்கு. அரசின் நிலமோ சலுகையோ பெறும் எந்த நிறுவனமும், ஆண்டுதோறும் தான் சென்ற கல்லூரிகளின் பெயரையும் ஒவ்வொன்றிலும் எடுத்தவர்களின் எண்ணிக்கையையும், சமூகப் பிரிவு வாரியாக, வெளியிட வேண்டும். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் நிபந்தனையைக் கைவிட வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் வெளிக் கல்லூரிகளுக்காக நடத்தும் மாநில அளவிலான வேலைவாய்ப்பு முகாம்களை மாவட்டத்துக்கு ஒன்றாக, அரசுக் கல்லூரி வளாகத்தில், மாணவர்களின் பயணச் செலவை அரசே ஏற்று நடத்த வேண்டும். தனியார் துறையில் ஒதுக்கீட்டுக்குச் சட்டம் வேண்டும்.

கோரிக்கை நிறைவேறும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அரசுக் கல்லூரிகளும், கணிசமான அரசு நிதி பெறும் கல்லூரிகளும் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் வருபவை. கடந்த ஐந்தாண்டுகளில் வந்த நிறுவனங்கள் எவை, தேர்வானவர்கள் எத்தனை பேர், அவர்களில் ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினர், பெண்கள் எத்தனை பேர் என்று பத்து ரூபாய் விண்ணப்பத்தில் கேட்கலாம். இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்கள் ஆளுக்கு ஒரு கல்லூரியை எடுத்துக்கொண்டால், இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் இந்த மாவட்டத்துக்கான முதல் கணக்கு நம் கையில் இருக்கும். ஏற்கெனவே வேலையில் இருக்கும் தோழர்கள், தங்கள் நிறுவனம் இந்த ஆண்டு எந்தெந்தக் கல்லூரிகளுக்குப் போகிறது என்பதை அடுத்த தலைமுறைக்குச் சொல்லுங்கள். அறிமுகமும் பரிந்துரையும் மற்றவர்களுக்கு வீட்டிலேயே கிடைக்கின்றன. நாம் அதை அமைப்பாகச் செய்ய வேண்டியிருக்கிறது.

சீனிவாசன் 3412 கையெழுத்துகளை வாங்கிய காலத்தில் நம்மில் எழுதத் தெரிந்தவர்களே சொற்பம். இன்று ஒவ்வொரு சேரியிலும் பட்டதாரிகள் இருக்கிறோம். விண்ணப்பப் படிவங்கள் வாசலில் வைக்கப்பட்டிருக்கின்றன. எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.

ஜெய்பீம்.